எய்பார்: அரம் பிடித்த ஊர் – 5. காலை ஆறரை மணிக் குடியரசு

போர் நின்றால் ஊருக்கு நல்லதுதானே? எய்பாருக்கு அப்படி அமையவில்லை. 1918 நவம்பரில் ஐரோப்பாவில் பீரங்கிகள் ஓய்ந்ததும் அந்த ஊரின் அடுப்பங்கரைகளில் கவலை தொடங்கியது.

சென்ற வாரம் விட்ட இடத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டின் கிபூஸ்கோவா மாகாணத்தில், ஏகோ என்ற சிற்றாறு ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது எய்பார். 1346இல் அரச சாசனம் பெற்ற ஊர். சமதரை என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. அதனால் வீடும் பட்டறையும் ஒன்றன்மேல் ஒன்றாக, மாடி மாடியாக ஏறி நின்றன. பல தலைமுறைகளாக மன்னரின் படைக்குத் துப்பாக்கி செய்து கொடுத்த வட்டாரம் இது. குழல் செய்பவர், விசைப்பொறி செய்பவர், மரக்கட்டை செதுக்குபவர், மற்ற உதிரிகளைச் செய்து பூட்டுபவர் என்று நான்கு தொழிற்குழுக்கள் இருந்தன.

1915இல் பிரெஞ்சு ராணுவம் இந்த வட்டாரத்தின் கபிலோந்தோ கம்பெனிக்கு 'ரூபி' என்ற கைத்துப்பாக்கிக்காக ஆர்டர் கொடுத்தது. மாதம் 10,000. சில மாதங்களிலேயே அது 30,000 ஆனது. ஒரு கம்பெனியால் ஆகிற காரியமா? சப்-காண்ட்ராக்ட் விட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்களே மற்றப் பட்டறைகளிடம் நேரடியாக வாங்கத் தொடங்கினார்கள். எய்பாரிலும் அக்கம்பக்கத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ரூபி செய்தன. போர் முடிவதற்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் பிரான்சுக்குப் போயின.

இரண்டு ரூபிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டும் 7.65 மில்லிமீட்டர். இரண்டிலும் மேகசினுக்கு ஒன்பது தோட்டா. ஆனால் இதன் மேகசினைக் கழற்றி அதில் செருகிப் பாருங்கள், பல சமயம் உள்ளே போகாது. போனாலும் சரியாக உட்காராது. காரணம் எளிது. ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொரு ஃபிட்டரும் தன் முன்னால் இருக்கும் துப்பாக்கிக்குப் பொருந்தும்வரை உதிரியை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். அந்தத் துப்பாக்கிக்கு அந்த உதிரி கச்சிதம், அடுத்த துப்பாக்கிக்கு உதவாது. பதுங்குகுழியில் இருக்கும் சிப்பாய்க்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆகவே, செய்தவர் யார் என்று காட்டும் இரண்டு எழுத்துகளைத் துப்பாக்கியிலும் மேகசினிலும் முத்திரையாக அடிக்கச் சொன்னது பிரெஞ்சு ராணுவம். எழுத்தைப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும்.

இதைத் தரக்குறைவு என்று சொல்லலாம். சொன்னார்கள். ஆனால் இதே செய்திக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எந்த இரும்பைக் கொடுத்தாலும் எதற்கும் பொருத்திக் காட்டும் கைகள் சில ஆயிரம், ஒரே பள்ளத்தாக்கில் இருந்தன.

போர் முடிந்தது, ஆர்டர் நின்றது. அந்தக் கைகளுக்கு இனி என்ன வேலை?

*

எய்பார் பட்டறையின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. பில்பாவோ நகரைச் சுற்றியிருந்த இரும்புச் சுரங்கங்களிலும் உருக்காலைகளிலும் முதலாளி ஒரு பக்கம், வெளியூரிலிருந்து பிழைக்க வந்த கூலிகள் ஒரு பக்கம் என்று கோடு தெளிவாக இருந்தது. எய்பாரில் அந்தக் கோடு மங்கல். இன்று வைஸ் முன்னால் நிற்பவர், கொஞ்சம் பணம் சேர்ந்தால் நாளை சொந்தப் பட்டறை போடுவார். ஆர்டர் குறைந்தால் மறுபடியும் கூலிக்குப் போவார். முதலாளியும் தொழிலாளியும் ஒரே தெருவில் குடியிருந்து ஒரே பாஸ்க் மொழியில் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அரசியலிலும் இது எதிரொலித்தது. சோசலிசம் என்பது வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்த சரக்கு, பாஸ்க் மண்ணுக்கு ஒட்டாதது என்று பாஸ்க் தேசியவாதிகள் சொல்லிவந்தார்கள். பில்பாவோ பக்கம் அந்த வாதம் எடுபட்டது. எய்பாரில் எடுபடவில்லை. 1897லேயே அங்கே சோசலிஸ்ட் கட்சிக்குக் கிளை வந்துவிட்டது. அதன் தலைவர் அகிலினோ அமுவாத்தேகி உள்ளூர்க்காரர், மேடையில் பாஸ்க் மொழியில் பேசியவர். கேட்டவர்களுக்கு அது பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு. 1913இல் திறக்கப்பட்ட ஆயுதத் தொழில் பள்ளியும் ஊரின் முயற்சியில் வந்ததுதான். அப்பாவிடம் அரம் பிடிக்கக் கற்ற பையன் அங்கே வரைபடம் போடக் கற்றான்.

போர்க்காலத்தில் ஊருக்குள் பணம் புரண்டது, விலைவாசியும் சேர்ந்து ஏறியது. போர் முடிந்ததும் பணம் போய்விட்டது, ஏறிய விலைவாசி இறங்கவில்லை. கூலி கேட்டார்கள், மறுத்தார்கள். வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று தகராறு முற்றியது.

வழக்கமாக இந்தக் கதை எப்படி முடியும் என்று நமக்குத் தெரியும். சங்கத்தின் கையிருப்பு கரையும். ஒரு நாள் தொழிலாளர்கள் தலைகுனிந்து கேட்டுக்குள் போவார்கள். எய்பார் உலோகத் தொழிலாளர்கள் வேறொரு முடிவெடுத்தார்கள். 1920இல், சங்கத்தின் ஆதரவோடு, தொழிலாளர்களே பங்கு போட்டு ஒரு கூட்டுறவுக் கம்பெனி தொடங்கினார்கள். பெயர் ஆல்ஃபா. கதவை அடைத்த முதலாளியிடம் சாவி கேட்பதற்குப் பதிலாகச் சொந்தக் கதவு போட்டுக்கொண்டார்கள்.

அதை நடத்தும் பொறுப்பு தோரிபியோ எச்செவர்ரியாவிடம் வந்தது. 1887இல் எய்பாரில் பிறந்தவர், சோசலிஸ்ட். பெரிய படிப்பெல்லாம் இல்லை, தானே படித்துத் தானே வளர்ந்தவர். கணக்குப் புத்தகத்தையும் தத்துவப் புத்தகத்தையும் ஒரே ஆர்வத்தோடு திறக்கும் ரகம்.

ஆல்ஃபா முதலில் என்ன செய்தது? எய்பார்க்காரர்களுக்குத் தெரிந்ததை. ரிவால்வர்.

போருக்கு எதிராகப் பேசும் கட்சியின் தொழிலாளர்கள் சொந்தமாக ஆயுதத் தொழிற்சாலை நடத்துகிறார்கள். போதாததற்கு, அந்த ஆண்டுகளில் ஸ்பானியக் கைத்துப்பாக்கிகளுக்குப் பேர் கெட்டுக்கிடந்தது. 1919 முதல் 1923 வரை பார்சிலோனாத் தெருக்களில் முதலாளிகளின் அடியாட்களும் தீவிரவாதத் தொழிற்சங்கக்காரர்களும் ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளினார்கள். துப்பாக்கி விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற குரல் வலுத்தது.

கொள்கை ஒரு பக்கம் இழுத்தது, சந்தை ஒரு பக்கம் இழுத்தது. ஆல்ஃபா எவ்வளவு நாள் தாங்கும்?

*

ரிவால்வரின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். விசையை இழுக்கும்போது உருளை ஒரு படி திரும்பி நிற்க வேண்டும். தோட்டா இருக்கும் அறை குழலோடு நேர்க்கோட்டில் வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே சுத்தி விழ வேண்டும். மயிரிழை பிசகினால் சுடுபவருக்கே ஆபத்து.

இப்போது தையல் மெஷின். ஊசி துணியைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. திரும்பி மேலே எழத் தொடங்கும்போது நூல் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்குகிறது. கீழே இருக்கும் கொக்கி சரியாக அந்த நேரத்தில் வந்து வளையத்தைப் பிடித்து, பாபின் நூலோடு கோக்க வேண்டும். மயிரிழை பிசகினால் தையல் விட்டுப்போகும்.

இரண்டும் ஒரே வித்தைதான்: சுழலும் ஓர் உறுப்பும் ஏறி இறங்கும் ஓர் உறுப்பும் குறித்த நொடியில், குறித்த இடத்தில் சந்திக்க வேண்டும். ரிவால்வர் செய்யும் கைக்குத் தையல் மெஷின் அந்நியம் அல்ல. 1920களின் நடுவில் ஆல்ஃபா தையல் மெஷினுக்கு மாறியது. ஸ்பெயினில் தொழிற்சாலை முறையில் தையல் மெஷின் செய்த முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

எதிரே நின்றது யார்? சிங்கர். உலகம் முழுக்கக் கிளை, தவணை முறையில் விற்பனை, வீட்டுக்கு வந்து வசூலிக்க ஆள். அந்தக் கம்பெனியின் முன்னால், ஒரு மலைப் பள்ளத்தாக்கின் தொழிலாளர் கூட்டுறவு தன் மெஷினைக் கொண்டுவந்து வைத்தது. இந்த மாற்றம் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. தையல் மெஷினுக்கு உதிரி வாங்கும் இல்லத்தரசி முத்திரை எழுத்தைப் பார்த்து ஜோடி சேர்த்துக்கொண்டிருக்க மாட்டார். எந்த உதிரியும் எந்த மெஷினுக்கும் பொருந்த வேண்டும். ரூபி காலத்துப் பழக்கத்தை ஆல்ஃபா விட்டாக வேண்டியிருந்தது.

தனியார் பட்டறைகளும் சும்மா இருக்கவில்லை. 1909இல் துப்பாக்கிக் கம்பெனியாகத் தொடங்கிய பெய்ஸ்தேகி சகோதரர்கள் சைக்கிளுக்குத் தாவினார்கள். இன்றும் விற்கும் 'பி.எச்.' சைக்கிள் அவர்களுடையது. 1840லிருந்து துப்பாக்கி செய்துவந்த ஓர்பேயாவும் சைக்கிளுக்கு வந்தது. குழாயைத் துளைப்பது, பற்றவைப்பது, மெருகேற்றுவது, நிக்கல் முலாம் பூசுவது எல்லாம் ஏற்கெனவே கைவந்த வேலை. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே பெய்ஸ்தேகி சகோதரர்கள் 1920களின் பிற்பாதியில் ஜெர்மன் மௌசர் துப்பாக்கியைப் பார்த்து 'ராயல்' என்ற கைத்துப்பாக்கியைச் செய்து சீனாவுக்கு விற்றார்கள். உள்நாட்டுப் போரில் சிக்கிக் கிடந்த சீனத் தளபதிகளுக்கு அது தேவைப்பட்டது. சைக்கிள் ஒரு மாடியில், துப்பாக்கி ஒரு மாடியில். எய்பார் எந்தக் கதவையும் முழுசாக மூடிவிடாது.

*

இதற்கிடையே மாட்ரிட்டில் ஆட்சி மாறியிருந்தது. 1923 செப்டம்பரில் தளபதி ப்ரீமோ தே ரிவேரா அதிகாரத்தைக் கைப்பற்றினார். மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ தடுக்கவில்லை, ஆசி கொடுத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபைகள் கலைக்கப்பட்டு நியமன ஆட்கள் வந்தார்கள். சோசலிஸ்ட் தொழிற்சங்கத்தின் தலைமை சர்வாதிகாரியோடு நேரடியாக மோதாமல் ஒதுங்கி நடந்துகொண்டது. அதனால் சங்கக் கட்டடங்களுக்குப் பூட்டு விழவில்லை. எய்பார்க்காரர்களுக்கு நகரசபை கையைவிட்டுப் போனாலும் சங்கமும் கூட்டுறவும் மிஞ்சின. ஏழு வருடம் வோட்டு இல்லாத நாட்டில், கணக்குக் கேட்பது, தலைவரைக் கேள்வி கேட்பது, கைதூக்கி முடிவெடுப்பது எல்லாம் அங்கே தொடர்ந்தன.

1930 ஜனவரியில் சர்வாதிகாரி விலகினார். மன்னர் தனித்து நின்றார். ஆகஸ்டில் குடியரசுக் கட்சிகள் சான் செபாஸ்தியான் நகரில் கூடி, முடியாட்சியை ஒழிப்பது என்று ஒப்பந்தம் செய்தன. கிபூஸ்கோவாவின் தலைநகரம் அது, எய்பாருக்கு எட்டும் தூரம். டிசம்பர் 12இல் ஹாக்கா என்ற ஊரின் படைமுகாமில் இரண்டு கேப்டன்கள், கலானும் கார்சியா எர்னாந்தெஸும், அவசரப்பட்டுக் குடியரசை அறிவித்தார்கள். கிளர்ச்சி இரண்டே நாளில் நசுக்கப்பட்டது. டிசம்பர் 14இல் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

குடியரசு என்று அறிவித்தால் என்ன தண்டனை என்பது நாட்டுக்கே தெரிந்துவிட்டது. இந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1931 ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை. உள்ளாட்சித் தேர்தல். பெயருக்குத்தான் உள்ளாட்சி, மன்னர் வேண்டுமா வேண்டாமா என்பதே கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய நகரங்கள் குடியரசுப் பக்கம் சாய்ந்தன. 50 மாகாணத் தலைநகரங்களில் 41 மன்னரைக் கைவிட்டன. எய்பாரில் சோசலிஸ்டுகளும் குடியரசுவாதிகளும் நகரசபையை ஏறத்தாழ முழுசாக வாரிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை முழுக்க நாடு காத்திருந்தது. மன்னர் போவாரா? ராணுவத்தை இறக்குவாரா? மாட்ரிட்டில் யாரும் முதலடி எடுத்து வைக்கவில்லை.

செவ்வாய் விடிவதற்கு முன்பே எய்பார் நகரசபை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. புதிதாகத் தேர்வான கவுன்சிலர்கள் உள்ளே போனார்கள். காலை ஆறரை மணி. சிவப்பு, மஞ்சள், ஊதா என்று மூன்று நிறம் கொண்ட குடியரசுக் கொடி பால்கனியில் ஏறியது. சோசலிஸ்ட் கவுன்சிலர் ஹுவான் தே லோஸ் தோயோஸ் வெளியே வந்து, இந்தக் கணத்திலிருந்து நாம் குடியரசில் வாழ்கிறோம் என்று அறிவித்தார். அலெஹாந்த்ரோ தெயேரியா மேயரானார். மன்னர் அல்போன்சோவின் பெயரில் இருந்த சதுக்கம் 'குடியரசுச் சதுக்கம்' ஆனது.

ஒரு விஷயம் பாக்கி. அந்த நேரத்தில் ஸ்பெயின் குடியரசு ஆகவில்லை. மன்னர் அரண்மனையில் இருந்தார். மந்திரிசபை இருந்தது. ராணுவமும் சிவில் காவல்படையும் இருந்தன. சட்டப்படி பார்த்தால் எய்பார் ஊரே ராஜத்துரோகி. தேதி ஏப்ரல் 14. ஹாக்கா கேப்டன்கள் இருவரும் சுடப்பட்டு அன்றோடு சரியாக நான்கு மாதம்.

*

மணி ஏழு. எட்டு. ஒன்பது. பால்கனியில் கொடி பறந்துகொண்டிருந்தது. வேறு எந்தப் பெரிய நகரத்திலிருந்தும் சேதி இல்லை. பள்ளத்தாக்கு ஊருக்குப் படை வருவதென்றால் பாதை ஒன்றிரண்டுதான். வந்தால் தப்பிக்கும் பாதைகளும் அவ்வளவேதான்.

காலையில் மாட்ரிட்டில் ஒரு முக்கியமான ஆள், குடியரசுத் தரப்பின் தலைவர்களில் ஒருவரான மிகேல் மௌராவின் வீட்டுக்குப் போனார். சிவில் காவல்படையின் தலைவர் தளபதி சான்ஹுர்ஹோ. கைது செய்யப் போகவில்லை; குடியரசுக்குத் தன் விசுவாசத்தைத் தெரிவிக்கப் போனார். எய்பார் மீது ஏவப்பட வேண்டிய படையின் தலைவரே கட்சி மாறிவிட்டார். ஆனால் அது எய்பாருக்குத் தெரியாது.

மதியம் ஒன்றரை மணி வாக்கில் பார்சிலோனா நகரசபை பால்கனியில் லூயிஸ் கொம்பான்ஸ் குடியரசை அறிவித்தார். எய்பாருக்கு அடுத்து ஏழு மணி நேரம் கழித்து. அதன் பிறகு மாட்ரிட்டில், மன்னரின் தூதர் ரோமனோனெஸ் பிரபுவும் குடியரசுத் தரப்பின் அல்கலா-சமோராவும் டாக்டர் மரஞ்ஞோன் வீட்டில் சந்தித்தார்கள். சூரியன் மறைவதற்குள் மன்னர் புறப்பட வேண்டும் என்றார் அல்கலா-சமோரா. அன்றிரவு அல்போன்சோ காரில் கார்த்தஹேனா துறைமுகத்துக்குக் கிளம்பினார். அங்கிருந்து கப்பலில் பிரான்சுக்கு. திரும்பி வரவேயில்லை.

முதலில் கொடி ஏற்றியது நாங்கள்தான் என்று வேறு சில ஊர்களும் உரிமை கொண்டாடுவதுண்டு. புதிய அரசு எய்பாரைத்தான் கௌரவித்தது. 'மிகவும் முன்மாதிரியான நகரம்' என்ற பட்டத்தை அளித்தது. தோரிபியோ எச்செவர்ரியாவைத் தேடி மாட்ரிட்டிலிருந்து அழைப்பு வந்தது. அரசின் பெட்ரோலிய ஏகபோக நிறுவனமான காம்ப்சாவில் அரசுப் பிரதிநிதி ஆனார் ஆல்ஃபாவின் மேலாளர். 1932இல் எய்பாரிலிருந்து மாட்ரிட் போய் எய்பாருக்கே திரும்பும் சைக்கிள் பந்தயம் நடந்தது. பெயர் 'குடியரசு கிராண்ட் ப்ரீ'. சைக்கிளும் எய்பாரின் சரக்கு, குடியரசும் எய்பாரின் சரக்கு என்று ஊர் பெருமைப்பட்டதில் தப்பில்லை.

ஒரு துணிச்சலான சிற்றூரின் கதை என்று இதை இங்கேயே முடித்துவிடலாம். எனக்கு அந்த வாசிப்பில் திருப்தி இல்லை. துணிச்சல் அன்று காலை திடீரென்று முளைக்கவில்லை. கதவடைப்புக்குப் பதில் சொந்தக் கம்பெனி, ரிவால்வருக்குப் பதில் தையல் மெஷின் என்று மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் முடிவெடுத்துப் பழகிய ஊர் அது. 1931இல் அதே பழக்கத்தை நகரசபையிலும் காட்டியது. அது பலித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது: மாட்ரிட்டில் சான்ஹுர்ஹோ சுட மறுத்தார். எய்பாரின் முடிவு துணிச்சல். எய்பார் பிழைத்தது அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டம் மூன்றரை ஆண்டுதான் நீடித்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஏற்றுமதி படுத்தது. 1933 நவம்பர் தேர்தலில் வலதுசாரிகள் வென்றார்கள். 1934 அக்டோபர் 4ஆம் தேதி, குடியரசையே மனதார ஏற்காத ஒரு கட்சிக்கு மூன்று மந்திரி பதவிகள் கொடுக்கப்பட்டன. மறுநாள் வெள்ளிக்கிழமை, எய்பார்த் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு தெருவில் இறங்கினார்கள். அவர்கள் எதிர்த்து நின்றது மன்னரை அல்ல, தாங்களே முதலில் கொடியேற்றி வரவேற்ற குடியரசின் அரசாங்கத்தை. இம்முறை அரசுப் படை சுடத் தயங்கவில்லை. அன்று எய்பாரில் விழுந்த பிணங்கள் யாருடையவை, ஆல்ஃபாவுக்கு என்ன ஆயிற்று என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)